வெர்னாவின் வரிசை

பெர்னடெட்டின் சூலகத்தில் எலுமிச்சை அளவு நீர்க்கட்டி இருந்தது. நகரத்து டாக்டர் வலி மாத்திரை எழுதிக் கொடுத்து, வெந்நீர்ப் பை வைத்துக்கொள், மூன்று மாதம் கழித்து வா என்று அனுப்பிவிட்டார். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரையில் நண்டு சீசனே மூன்று மாதம்தான்; வீட்டில் படுத்தால் அந்த வருடக் கூலி போய்விடும்.

நண்டுத் தொழிற்சாலையில் அவளுடைய வரிசைக்கு மேற்பார்வையாளர் வெர்னா. கணவன் லியோவின் அக்கா. ரப்பர் மேலங்கிக்கு அடியில் வெந்நீர்ப் பையைக் கட்டிக்கொண்டு பெர்னடெட் நண்டுக்கால் உடைத்தாள். வலி ஏறும்போது மேசை விளிம்பைப் பிடித்துக் குனிந்து, மூச்சை மெல்ல விட்டு, அது இறங்கும்வரை காத்திருப்பாள்.

அன்று காலை இரண்டாவது முறை கழிப்பறைக்குப் போய்த் திரும்பியபோது வெர்னா வழிமறித்தாள்.

"என்னம்மா, மகாராணி குளிச்சு முடிச்சாச்சா?"

"வாந்தி எடுத்தேன் வெர்னா. வலி தாங்கல."

"இங்க எவளுக்கு வலிக்கல? நான் மூணு பெத்தவ. ஒண்ணுகூடப் பெறாதவளுக்கு இவ்ளோ ஆர்ப்பாட்டம்!"

வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

"டாக்டர் சீட்டு குடுத்தேன்ல?"

"சீட்டு வந்து நண்டு உடைக்குமா? போய் நில்லு."

நின்றாள். பதினோரு மணிக்கு வந்தது வேறு வலி. இடது அடிவயிற்றை முறுக்கிக்கொண்டு தொடைவரை இறங்கியது. ஈரத் தரையில் சுருண்டு விழுந்தாள்.

"போதும் நடிப்பு, எந்திரி" என்று வெர்னா சொன்னது காதில் விழுந்தது.

பக்கத்தில் நின்ற டல்சி கையுறைகளைக் கழற்றி வெர்னாவின் காலடியில் எறிந்தாள். "மூஞ்சியப் பாருடி, வெளுத்துக் கெடக்கு. நகரு!"

டல்சியின் வண்டியில் ஆஸ்பத்திரிக்கு ஒன்றரை மணி நேரம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் பெர்னடெட் அலறினாள். ரோடு போட்டவனின் வம்சத்தையே டல்சி திட்டிக்கொண்டு ஓட்டினாள்.

கட்டியோடு சூலகமும் முறுக்கி, ரத்தம் ஓடாமல் கறுத்துப்போயிருந்தது. எடுத்துவிட்டார்கள். வலது பக்கத்துச் சூலகம் பிழைத்தது.

மூன்றாம் நாள் லியோ தன் அக்காவை அழைத்து வந்தான். அவள் கையில் பட்டாணி சூப்.

"இவ்ளோ மோசம்னு எனக்கென்ன தெரியும்? வாயத் தெறந்து சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேன். நீ எல்லார் முன்னாடியும் என்னைப் பெறாதவள்னு சொன்ன."

"பெர்னி, அக்கா மன்னிப்புக் கேக்கத்தான் வந்திருக்கு" என்றான் லியோ.

"இன்னும் கேக்கலையே."

வெர்னாவின் முகம் சிவந்தது. "உனக்கு எதுக்கெடுத்தாலும்..."

"வெளிய போ. சூப்பையும் எடுத்துக்க. லியோ, உனக்கும் போகணும்னா போ."

லியோ கார் சாவியை அக்காவிடம் நீட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான்.

"இப்பதான் உக்காரத் தோணிச்சா?" என்று கேட்டுவிட்டு பெர்னடெட் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த சீசனில் அவள் டல்சியோடு பெட்டி கட்டும் பகுதிக்கு மாறிவிட்டாள். வெர்னாவோடு இன்றுவரை பேச்சில்லை. எப்போதாவது ஒரு மாதம் வலது பக்கம் வலிக்கும். அப்போது யாரையும் கேட்காமல் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொள்வாள்.