விதையில்லாக் கொடி

மொட்டைமாடிக் கதவை அவள் தள்ளியபோது, கொழுந்தன் வெள்ளரிக் கொடிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். கையில் கத்தி. கீழே கூடத்தில் அவனுடைய அண்ணனின் உடலைக் கிடத்தியிருந்தார்கள். அவர்மேல் போர்த்த, காயப்போட்டிருந்த போர்வையை எடுக்கத்தான் அவள் மேலே வந்தாள்.

"அண்ணி... சும்மாதான்," என்று எழுந்தான். "அண்ணன் ஞாபகமா ரெண்டு கொழுந்து எடுத்துட்டுப் போலாம்னு."

ரெண்டா? ஈரத்துணியில் ஒரு கட்டே இருந்தது. ஒவ்வொன்றையும் கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்டி, பூவையும் பெரிய இலைகளையும் கிள்ளிப் போட்டிருந்தான். தொழில் தெரிந்த கை. அந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தவர்தான் கீழே கிடந்தார்.

நாற்றுப் பண்ணையை இருவரும் சேர்ந்துதான் ஆரம்பித்தார்கள். ஒருநாள் காலை அண்ணன் வேலைக்குப் போனபோது கேட்டில் தம்பி மாட்டிய வேறு பூட்டு தொங்கியது. வாயைத் திறக்காமல் வீடு திரும்பினார். அதன்பிறகு மொட்டைமாடிதான் அவருக்குப் பண்ணை. பழைய டிரம்களில் வளர்த்தவற்றில் ஒரு கொடி மட்டும் விதையே இல்லாமல், துளிக் கசப்பில்லாமல் காய்த்தது. விதை இல்லாததால், கொழுந்தை வெட்டி வேர்விட வைத்தால்தான் அதற்கு அடுத்த தலைமுறை. தம்பி ஆள்மேல் ஆள் அனுப்பிக் கேட்டும் அவர் கொடுக்கவில்லை. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் கல்லாக இருந்தார்.

அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் அவள் போன் செய்தாள். "சீசன் அண்ணி, நகர முடியலை," என்றான் கொழுந்தன். மறுபடி கூப்பிட்டபோது எடுக்கவேயில்லை. சாவுக்கு மட்டும் முதல் ஆளாக வந்து நின்றான்.

"இது ஏன் இப்படி இருக்கு?" அடி இலை ஒன்றைத் திருப்பினான். பச்சையில் அங்கங்கே வெளிறிய திட்டுகள். "தேமல் இல்லையே?"

நேற்று மூச்சு வாங்க வாங்க அவர் சொன்னது இதைத்தான். "கொடியில தேமல் விழுந்திருக்கு. மருந்து கிடையாது. வேரோட பிடுங்கி எரிச்சிடு. தொட்ட கையில, வெட்டின கத்தியிலயே பரவிடும். தம்பி வந்து கேட்டா குடுத்துடாத. பண்ணை மொத்தமும் போயிடும்." கொஞ்ச நேரம் கழித்து, "அவனும் புள்ளகுட்டிக்காரன்," என்றார். அதற்குமேல் பேசவில்லை. ராப்பகலாகக் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தவளுக்கென்று ஒரு வார்த்தை மிச்சம் வைக்கவில்லை.

"தேமலெல்லாம் இல்ல தம்பி. தண்ணி ஊத்த ஆள் ஏது? நான்தான் ஆஸ்பத்திரியே கதின்னு கிடந்தேனே," என்றாள்.

அவன் தலை கவிழ்ந்தது. குத்திக் காட்டுகிறாள் என்று நினைத்திருப்பான். அந்த இலையை அவன் மறுபடி பார்க்கவில்லை. கத்தியைப் பேன்ட்டில் துடைத்து, மடக்கி, பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

"அண்ணன் கடைசியா என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா அண்ணி?"

குரல் நிஜமாகவே உடைந்திருந்தது. அவள் போர்வையை உதறினாள். இரண்டாக மடித்தாள், பிறகு நான்காக. இப்போதுகூடச் சொல்லிவிடலாம்.

"இல்லப்பா. ஒண்ணும் சொல்லலை."

சாயங்காலம் எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்தார்கள். கொழுந்தன் கொழுந்துக் கட்டைக் காரின் பின்சீட்டில் வைத்துத் துணியைப் பிரித்துப் பார்த்தான். நுனி இலைகள் லேசாகத் துவண்டிருந்தன.

"போற வழியில வாடிடும் போல. கொஞ்சம் தண்ணி தெளிச்சு விடுறீங்களா அண்ணி?"

அவள் உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் எடுத்து வந்தாள். கார்க் கதவருகே குனிந்து, விரல்களை நனைத்து, ஒவ்வொரு கொழுந்திலும் இலைக்கு அடியிலும் படும்படி நிதானமாகத் தெளித்தாள்.