தண்ணீரின் மேல்தோல்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பினாயில் என்று பெயர். முகத்துக்கு நேரே மேடம் என்பார்கள், தலை மறைந்ததும் பினாயில்தான். நாமும் அப்படியே சொல்லிக்கொள்வோம், அவள் காதில் விழப்போவதில்லை. கண்ணாடிப் பாத்திரத்தை ஒரு தடவை கழுவினால் போதும் என்று நினைப்பவனை அவள் மனிதக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அமிலத்தில் ஊறப்போட்டு, சுத்தத் தண்ணீரில் அலசி, மறுபடி அலசிக் கொண்டுவந்து கொடுத்தால், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, "இது கழுவினதா, இல்ல நனைச்சதா?" என்று கேட்பாள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் கண் கலங்கிவிடும்.

அவள் வேலை அப்படிப்பட்டது. தண்ணீரைப் படிக்கும் வேதியியலாளர் அவள். தண்ணீரின் மேல் ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வருவதைக் கருவியில் பிடித்தால், திரையில் மேடும் பள்ளமுமாக ஒரு கோடு விழும். நிறமாலை என்று பெயர். மூலக்கூறுகள் ஒன்றையொன்று எப்படிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன, எது கையை விட்டுவிட்டு நிற்கிறது என்பதையெல்லாம் அந்தக் கோடு சொல்லிவிடும். அதிலும் அவளுடைய பகுதி, தண்ணீர் காற்றைத் தொடுகிற அந்த மேல் அடுக்கு மட்டும். மேல்தோல் என்பாள். அவ்வளவு மெல்லிய இடத்தில் துளி அழுக்கு விழுந்தாலும் கருவி அழுக்கைத்தான் காட்டும். படிப்பு முடித்த கையோடு இதில் நுழைந்தவள், தலை நரைக்கும்வரை வேறெதையும் தொடவில்லை. பெரிய கண்டுபிடிப்பு என்று ஒன்றும் அமையவில்லை. அவள் அளந்து கொடுத்த கோடுகளை வைத்து மற்றவர்கள் பெயர் வாங்கினார்கள். ஆனாலும் நீர்ப்பிரிவின் தலைவர் ஓய்வு பெறும்போது அந்த நாற்காலி தனக்குத்தான் என்று நிச்சயமாக இருந்தாள்.

குறுக்கே வந்தது அசலாள் என்றால்கூடத் தாங்கியிருப்பாள். வந்தது தம்பி பெண்டாட்டி.

அதுவும் அவளே தேடிப்போய் வாங்கி வந்த வினை. பக்கத்து மேசையில் வேலை பார்த்த கெட்டிக்காரப் பெண்ணை, "நம்ம வீட்டுக்கு ஏத்தவ" என்று அம்மாவிடம் சொல்லித் தம்பிக்குக் கட்டிவைத்தவள் பினாயில்தான். கல்யாணம் முடிந்த கொஞ்ச நாளிலேயே அம்மா கட்சி மாறிவிட்டாள். மகள் இத்தனை வருடம் என்ன வேலை பார்க்கிறாள் என்பது அம்மாவுக்குப் புரிந்ததே இல்லை. மருமகள் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் டம்ளரை வைத்து விளக்கியதும் புரிந்துவிட்டதாம்.

"அவ சொன்னா பளிச்சுனு புரியுது. நீ சொன்னா திட்டுற மாதிரியே இருக்கு" என்றாள் அம்மா. அந்த டம்ளரைத் தூக்கி எறிந்தால் என்ன என்று பினாயிலுக்கு இருந்தது.

அந்த மருமகள் இப்போது நிறமாலைக் கோட்டில் புது முகடு ஒன்றைப் பிடித்திருந்தாள். வெறும் தண்ணீரில் அது வரவில்லை. உப்பைக் கரைத்தால் மட்டும் மேல்தோலின் கோட்டில் சின்னதாக ஒரு மேடு எழும்பியது. எண்ணெய்ப் பசை இருந்தால் எழும்பும் மேட்டுக்குக் கிட்டத்தில்தான் அது இருந்தது. ஆனால் பாத்திரங்களைக் கழுவியாயிற்று, உப்பை உலையில் சுட்டாயிற்று, கையுறை போட்டாயிற்று, ஆகவே இது தண்ணீருடையதேதான் என்றாள். ஆய்வுக்கூடத்தின் இயக்குநர் குளிர்ந்துபோனார். எல்லோர் முன்னிலையிலும் அவள் அதைப் பற்றிப் பேசட்டும், நாற்காலி யாருக்கு என்பதைப் பிறகு பார்ப்போம் என்றார். நாற்காலி அவளுக்குத்தான் என்று அவர் சொல்லாமல் சொன்னது எல்லோருக்கும் புரிந்தது. பினாயிலுக்கு அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. ஆயுசு முழுக்க நான் தேய்த்துக் கழுவ, நேற்று வந்தவள் கோலோச்சுவதா என்று உள்ளே பற்றி எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் அம்மா வீட்டில் கூடியிருந்தார்கள். கூடத்தில் தம்பி பெண்டாட்டி தன் குழந்தைக்குத் தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்து முடித்துத் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு மடிக்கணினியைத் திறந்தாள். அவள் விரல் பட்ட இடமெல்லாம் விளிம்பில் மினுமினுத்தது. பினாயில் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆய்வுக்கூடத்தில் தினமும் பார்க்கும் காட்சி அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. குழந்தைக்குத் தலை வாரிவிட்ட கையோடு தம்பி பெண்டாட்டி காலையில் அவசரமாக வருவாள். பெட்டியிலிருந்து கையுறையை உருவி ஒரு கையில் மாட்டி, அது சரியாக உட்காரவில்லை என்று மறு கையின் வெறும் விரலால் அதன் நுனிகளை இழுத்துவிடுவாள். பிறகு அந்தக் கையுறையோடு கரண்டியை எடுத்து உப்பை அள்ளுவாள். உலையில் சுட்டெடுத்த உப்போடு குழந்தையின் தலை எண்ணெயும் தண்ணீருக்குள் போகிறது. உப்பு போட்டால் மட்டும் மேடு வராமல் என்ன செய்யும்?

"அண்ணி, இதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று அவளே மடிக்கணினியைக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "பேசுறதுக்கு முன்னாடி உங்க கண்ணுல ஒரு தடவை பட்டுடணும். தப்பு இருந்தா சொல்லிடுங்க."

பினாயில் பார்த்தாள். சந்தேகமே இல்லை, எண்ணெய்தான். சொல்லிவிடலாம், வாய்வரை வந்தும்விட்டது. அந்த நேரம் பார்த்து அடுக்களையிலிருந்து அம்மாவின் குரல்: "அவகிட்ட என்னத்தக் காட்டுற? நொட்டைதான் சொல்லுவா."

"நல்லாருக்கு" என்றாள் பினாயில்.

"நிஜமாவா அண்ணி?"

"ரொம்ப நல்லாருக்கு."

தம்பி பெண்டாட்டி ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு மடிக்கணினியை மூடிக்கொண்டு எழுந்து போனாள். குழந்தை வந்து அத்தை மடியில் ஏறிக்கொண்டு எண்ணெய்த் தலையை அவள் தோளில் வைத்துக்கொண்டது. வேறொரு நாளாக இருந்தால் சட்டை பாழாயிற்று என்று இறக்கிவிட்டிருப்பாள். அன்று அப்படியே வைத்துக்கொண்டாள். அவ்வளவு சந்தோஷம்.

பேச்சு நாள் வருவதற்குள் கேள்வியைத் தயார் செய்துவிட்டாள். காட்டமாகக் கேட்கக் கூடாது, அப்பாவியாகக் கேட்க வேண்டும். "உப்பைக் கையால தொடவே இல்லையே? கையுறைய எப்படி மாட்டினீங்க?" கண்ணாடி முன் நின்று பழகியும் பார்த்தாள். சபை நடுவில் தம்பி பெண்டாட்டி பேந்தப் பேந்த விழிப்பதையும் இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பதையும் நினைக்க நினைக்க அவளுக்குத் தித்தித்தது.

அரங்கு நிறைந்திருந்தது. பினாயில் முதல் வரிசையில் உட்கார்ந்தாள். திரையில் அந்த முகடு வந்ததும் முதுகை நிமிர்த்திக்கொண்டாள்.

"இந்த மேடு தண்ணியோடது இல்ல" என்று தொடங்கினாள் தம்பி பெண்டாட்டி. "என் குழந்தையோட தலை எண்ணெய்."

அரங்கில் சலசலப்பு. அவள் அவசரப்படாமல் விளக்கினாள். கையுறையை இழுத்துவிட்டது, கரண்டியைத் தொட்டது, ஒன்றையும் மறைக்கவில்லை. புதுக் கையுறை, புதுக் கரண்டி, புதிதாகச் சுட்ட உப்பு என்று திரும்பச் செய்து பார்த்திருந்தாள். மேடு காணாமல் போய்விட்டது. எண்ணெய் விலகிய பிறகு, அதுவரை அமுங்கிக் கிடந்த இன்னொன்று தெரிந்தது. மேல்தோலில் காற்றுப் பக்கமாகக் கை நீட்டி நிற்கும் மூலக்கூறுகளின் முகடு, உப்பு ஏற ஏற மெல்ல இடம் பெயர்ந்தது. இந்தத் தடவை எண்ணெய் வரும் பக்கமே அது இல்லை. பினாயில் கோட்டை மேலிருந்து கீழ்வரை தேடினாள். குறை அகப்படவில்லை.

"எப்பம்மா சந்தேகம் வந்தது?" என்று கேட்டார் இயக்குநர்.

"அண்ணியாலதான். படத்தைக் காட்டினேன், நல்லாருக்குன்னாங்க. இத்தனை வருஷமா அவங்க வாயில அந்த வார்த்தைய நான் கேட்டதே இல்ல. பயந்துட்டேன். மறுநாளே வந்து எல்லாத்தையும் முதல்லேர்ந்து செஞ்சு பார்த்தேன்."

அரங்கமே சிரித்தது. கைகூடத் தட்டினார்கள். இயக்குநர் பினாயிலைப் பார்த்து, அவள் சூசகமாகச் சொல்லிக்கொடுத்த பாடத்தைப் பாராட்டுவதுபோலத் தலையாட்டினார். சிரிக்காமல் நின்றது பேசியவள் மட்டும்தான்.

"வழக்கமா முதல் கேள்வி உங்களோடதாச்சே மேடம்" என்றார் இயக்குநர்.

பினாயில் எழுந்தாள். பழகி வைத்திருந்த கேள்வி செத்துப்போயிருந்தது. "மூணாவது படத்துல அலகு போடல" என்றாள். மறுபடி சிரிப்பு. "போட்டுடறேன் அண்ணி" என்றாள் மேடையில் நின்றவள், மரியாதையாகவே.

நாற்காலி யாருக்கு என்பது அன்று சாயந்திரமே தெரிந்துவிட்டது. எல்லோரும் கைகுலுக்கிவிட்டுப் போன பிறகு, பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் தம்பி பெண்டாட்டி தனியாக நின்று அலசிக்கொண்டிருந்தாள். பினாயில் நேராக அவளிடம் போனாள்.

"எனக்கு முன்னாடியே தெரியும்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும் அண்ணி."

"அப்புறம் எதுக்கு எல்லார் முன்னாடியும் என்னைத் தூக்கிவச்சுப் பேசின?"

"பொய் ஒண்ணும் சொல்லலையே. உங்களாலதான் பிழைச்சேன்." தண்ணீர்க் குழாயை மூடினாள். "வீட்டுல யார்கிட்டயும் சொல்லல. அவர்கிட்டகூட."

சண்டை போட்டிருந்தால் பினாயிலும் பதிலுக்குப் போட்டிருப்பாள், மனசு ஆறியிருக்கும். பதவியையும் எடுத்துக்கொண்டு, நல்லவள் என்ற பெயரையும் எடுத்துக்கொண்டு, தன் மானத்தைக் காப்பாற்றும் உரிமையையும் எடுத்துக்கொண்டாளே என்று வயிறு எரிந்தது. கூடவே வெட்கமாகவும் இருந்தது. எது அதிகம் என்று அவளுக்கே தெரியவில்லை.

தம்பி பெண்டாட்டி அடுத்த பாத்திரத்துக்காகப் பெட்டியிலிருந்து புதுக் கையுறையை உருவினாள்.

"மணிக்கட்டுப் பக்கத்து மடிப்பைப் பிடிச்சு மாட்டு" என்றாள் பினாயில். "வெளிப்பக்கம் விரல் படக் கூடாது."

"இப்ப தெரியும் அண்ணி" என்றாள் அவள், திரும்பாமலே.