நார்மல் அக்கா

எங்கள் ஆய்வுக்கூடத்தில் யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நார்மல் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். என் குணத்தைப் பார்த்து வைத்த பெயர் இல்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது மாடிப்படி துடைப்பவர்வரை எல்லோருக்கும் தெரியும். என் ரத்தத்துக்கு வைத்த பெயர் அது.

எங்கள் வேலை, கர்ப்பிணிகளின் ரத்தத்தில் இரண்டு புரதங்களை அளப்பது. ஒன்று நஞ்சுக்கொடியிலிருந்து வருவது. கர்ப்பம் தரித்தால் ஏறும், இல்லையென்றால் இருக்கிற இடமே தெரியாது. இன்னொன்று நரம்பு செல்லுக்குள் முட்டுக்கொடுத்து நிற்பது. செல் அடிபட்டால் வெளியே கசிந்து ரத்தத்தில் கலந்துவிடும். கர்ப்ப காலத்தில் ரத்த அழுத்தம் ஏறிச் சில பெண்களுக்கு வலிப்பு வருகிறதே, அவர்களுக்கு வலிப்பு வருவதற்குச் சில வாரங்கள் முன்பே இந்த நரம்புப் புரதம் ஏறுகிறதா என்பதுதான் எங்கள் கேள்வி. ஏறுகிறது என்று உறுதியானால் எத்தனையோ பேரை முன்கூட்டியே காப்பாற்றலாம். இன்னும் உறுதியாகவில்லை.

மெஷினுக்குள் வைக்கும் பிளேட்டில் தொண்ணூற்றாறு சின்னக் குழிகள் இருக்கும். அதில் இரண்டு குழி கர்ப்பமில்லாத ஒரு பெண்ணின் ரத்தத்துக்கு. அந்த இரண்டிலும் நஞ்சுக்கொடிப் புரதம் இல்லை என்று வந்தால்தான் மற்ற குழிகளை நம்பலாம். அந்த ரத்தம் ஆறு வருடமாக என்னுடையது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கையை நீட்டுவேன். எடுத்த ரத்தத்தை நானே சுழற்றி, மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் நீரைச் சின்ன டியூப்களில் பிரித்து, 'நார்மல்' என்று லேபிள் ஒட்டி, ஃப்ரீசரில் அடுக்குவேன்.

என் உடம்பை நார்மல் என்று சொன்ன இடம் அது ஒன்றுதான். நான் இரண்டு முறை கர்ப்பமாகியிருக்கிறேன். முதலாவது மூன்றாம் மாதத்தில் கலைந்துவிட்டது. இரண்டாவதில், இருபத்தாறாவது வாரத்தில், வலிப்பு வந்து மூன்று நாள் நினைவில்லாமல் கிடந்தேன். கண் விழித்தபோது குழந்தை இல்லை. பெண் குழந்தை என்று என் கணவர் சொன்னார். அவர் லிஃப்ட் மெக்கானிக், அளந்துதான் பேசுவார். அதற்கு அடுத்த வருடம் இந்த வேலையில் சேர்ந்தேன். "உனக்கு வேற இடமே கிடைக்கலையா?" என்று என் நாத்தனார் கேட்டாள். எனக்கு என்ன நடந்தது என்று யாராவது தேடிக்கொண்டிருக்கும் இடத்தில் இருக்க வேண்டும் என்று தோன்றியது. அதை அவளிடம் சொல்லவில்லை.

இங்கே ஒரு கண்டிப்பான விதி உண்டு. அளந்த எண்ணை அந்தப் பெண்ணிடம் சொல்லக் கூடாது. பாதி தெரிந்த விஷயம் வீணாகப் பயமுறுத்தும், இல்லையென்றால் வீணாகத் தைரியம் கொடுக்கும். என்னோடு வேலை பார்க்கிற வாயாடி ஒருமுறை வராந்தாவில் ஒரு கர்ப்பிணியிடம், "கவலையே படாதீங்க, உங்களோடது சூப்பரா இருக்கு" என்று சொல்லிவிட்டாள். அவளை நான் உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டேன். அதோடு விட்டேனா, எழுத்திலும் புகார் கொடுத்தேன். மூன்று வாரம் அவள் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. அவளுக்கு அது ஆயுள் தண்டனை.

இப்படி ஊருக்கெல்லாம் சட்டம் பேசிய நான்தான் மாட்டிக்கொண்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மூன்று வாரம் முன்பு எடுத்த என் புதிய டியூப்பை முதல்முறையாகப் போட்டோம். வாயாடி திரையைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"அக்கா, நார்மல்ல நஞ்சுக்கொடி புரோட்டீன் காட்டுது."

"குழி மாத்திப் போட்டிருப்ப. மறுபடி போடு."

மறுபடி போட்டாள். அதே எண். மூன்றாவது முறை நானே போட்டேன். அதே எண். பழைய டியூப்பை எடுத்துப் போட்டால் ஒழுங்காக வந்தது. பிப்பெட்டை மாற்றினோம், மருந்துப் பெட்டியை மாற்றினோம், மெஷின்காரரை வரவழைத்து உள்ளே திறந்து பார்க்க வைத்தோம். அவர் மெஷினில் ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன், ஒன்றைத் தவிர.

மறுநாள் மேடம் எங்களைக் கூப்பிட்டார். ஆய்வுக்குத் தலைவர் அவர்தான். கோபம் வந்தால் குரலைத் தாழ்த்திக்கொள்கிற ரகம்.

"நார்மல் எடுத்த அன்னிக்கு வேற யார் சாம்பிள் பிரிச்சீங்க?"

"பதினோரு பேரோடது, மேடம்."

"அப்போ கர்ப்பிணியோட ரத்தம் உங்க டியூப்ல கலந்திருக்கு. அப்படி ஒண்ணு கலந்திருந்தா, அன்னிக்குப் பிரிச்ச பதினொண்ணையும் நான் நம்ப முடியாது. எல்லாத்தையும் தூக்கிப் போடணும்."

அந்தப் பதினோரு பேரில் ஒருத்தி அதற்குப் பிறகு குழந்தையை இழந்திருந்தாள். அந்த வாரத்து ரத்தத்தை அவளிடம் இனி எப்படிக் கேட்பது? அவள் எங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனது அந்த இரண்டு டியூப்தான்.

"நான் கலக்கலை, மேடம். ஆறு வருஷத்துல ஒரு லேபிள் கோணலா ஒட்டியிருப்பேனா?"

"அதை ஃபைல் சொல்லட்டும்."

நார்மல் ரத்தம் கொடுப்பவர் ஒவ்வொரு முறையும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். என் படிவங்கள் இருபத்து நான்கு. மேடம் அவற்றை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பிறகு நான்கைந்து தாளை மேஜையில் வரிசையாக வைத்தார்.

"இது என்ன புள்ளி?"

எல்லாத் தாளிலும், ஒரே இடத்தில், ஒரே கறுப்புப் புள்ளி. ஜெராக்ஸ் மெஷின் கண்ணாடியில் இருந்த கறை. புள்ளிக்குப் பக்கத்தில் ஒரே கையெழுத்து, ஒரே சாய்வு. 'தற்போது கர்ப்பமா?' என்ற கேள்விக்கு எதிரே 'இல்லை'. தேதி மட்டும்தான் ஒவ்வொன்றிலும் பேனாவால் எழுதியது.

"நீங்களா இப்படி?" என்றார் மேடம். குரல் இன்னும் தாழ்ந்துவிட்டது.

வாயாடியின் முகத்தில் ஈயாடவில்லை. அவளைக் காட்டிக்கொடுத்த அக்கா கையும் களவுமாகப் பிடிபட்டு நிற்கிறாள். அவள் சந்தோஷப்பட்டிருந்தாலும் நான் தப்புச் சொல்லியிருக்க மாட்டேன்.

"முதல் தடவை கையால எழுதினேன், மேடம்," என்றேன். "எழுதி முடிக்கிறதுக்குள்ள உயிர் போயிடுச்சு. மூணு மாசத்துக்கு ஒரு தடவை அந்த வார்த்தையை எழுத என்னால முடியலை. அதான் ஜெராக்ஸ் எடுத்து வெச்சுக்கிட்டேன்."

மேடம் அந்தத் தாள்களைத் திரும்ப அடுக்கிக்கொண்டே, அதே தாழ்ந்த குரலில் கேட்டார். "கடைசியா எப்போ குளிச்சீங்க?"

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். எனக்கு முப்பத்தொன்பது வயது. ஒரு வருடமாகவே மாதக் கணக்கு தப்பித் தப்பித்தான் வந்துகொண்டிருந்தது. வயசாகிறது என்று விட்டுவிட்டேன். நாள் முழுக்க அடுத்தவர்கள் கர்ப்பத்தை வாரம் வாரமாக எண்ணுகிறவளுக்குத் தன் நாள் கணக்கு தெரியவில்லை.

அன்று மத்தியானமே ஸ்கேன் எடுத்தார்கள். பதினோரு வாரம். இதயம் துடித்துக்கொண்டிருந்தது. ஸ்கேன் டாக்டர் திரையை என் பக்கம் திருப்பினார், நான் பார்க்கவில்லை. பார்த்தால் ஆசை வந்துவிடும் என்று பயமாக இருந்தது.

டியூப்பில் யார் ரத்தமும் கலந்திருக்கவில்லை. அந்தப் பதினொன்றும் தப்பின. குழந்தையை இழந்தவளின் இரண்டு டியூப்பையும் வாயாடி எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தாள்.

சாயங்காலம் என் கணவர் வந்ததும் சொன்னேன். கிரீஸ் கறையோடு சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டார். "வேணாம்மா," என்றார்.

"ஏன்?"

"எனக்குக் குழந்தை வேணாம். நீ போதும்."

"இந்த தடவை அப்படி ஆகாதுங்க. முன்னாடியே தெரிஞ்சுபோச்சு இல்ல, டாக்டர் பார்த்துக்குவாங்க."

"அந்த மூணு நாள் நான் எப்படி இருந்தேன்னு உனக்குத் தெரியாது," என்றார். "நீ படுத்துக் கிடந்த. குழந்தையைக் கையில குடுத்து, எங்க அடக்கம் பண்றதுன்னு கேட்டாங்க. உன்னைக் காட்டி, இவளுக்கும் ஏதாவது ஆகலாம், கையெழுத்துப் போடுங்கன்னாங்க. போட்டேன். இன்னொரு தடவை அந்தக் கையெழுத்தை என்னால போட முடியாது."

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் அவர் இவ்வளவு பேசிக் கேட்டதில்லை. அந்த மூன்று நாளையும் என் நாட்களாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். அவை அவருடையவை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, வெட்கமாகவும் இருந்தது.

ஆனாலும் நான் ஒற்றைக் காலில் நின்றேன். அதற்குக் காரணம் இருந்தது, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்தச் செவ்வாய்க்கிழமை பிளேட்டில் இரண்டாவது எண்ணையும் நான் பார்த்திருந்தேன். நஞ்சுக்கொடிப் புரதம் ஏறியிருந்தது; நரம்புப் புரதம் என் ஆறு வருட எண்ணிலிருந்து இம்மியும் பிசகவில்லை. ஸ்கேனுக்கு மறுநாள் மேடத்திடம் அதைச் சொன்னதும் அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பதினோராவது வாரத்துக்குள்ள அது ஒண்ணும் சொல்லாது. பின்னாடி சொல்லுமான்னே நமக்குத் தெரியாது. இதை நம்பி முடிவெடுக்காதீங்க. இத்தனை வருஷம் இதைத்தானே மத்தவங்களுக்குச் சொல்றீங்க?"

"தெரியும், மேடம். ஆனா எனக்கு வேணும்." குழந்தையைத்தான் சொன்னேன். உடைந்து அழுதுவிட்டேன்.

மேடம் தண்ணீர் கொடுத்தார். வாரா வாரம் பரிசோதனை, தினமும் மாத்திரை, அழுத்தம் எல்லை மீறினால் ஒரு பேச்சில்லாமல் அட்மிட் ஆவது என்று மூன்று நிபந்தனை போட்டார். நான்காவதாக வீட்டில் என் கணவர் ஒன்று சேர்த்துக்கொண்டார்: அவர் சொல்வதைக் கேட்பது. "நான் சொல்றதை நீ கேக்கப்போறியா?" என்று அவரே சந்தேகமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் அவர் ஒத்துக்கொண்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆய்விலும் சேர்ந்தேன். வாயாடிதான் படிவத்தை நிரப்பினாள். 'தற்போது கர்ப்பமா?' என்ற இடம் வந்ததும் பேனாவை என்னிடம் நீட்டினாள். 'ஆம்' என்று எழுதினேன். எழுத்து கோணிவிட்டது.

"என் எண்ணை யாரோட ஒப்பிடுவீங்க?" என்று மேடத்திடம் கேட்டேன்.

"உங்களோடதான். ஆறு வருஷத்து டியூப் ஃப்ரீசர்ல இருக்கே. இந்த ஆய்வுல வேற யாருக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை."

அன்றிலிருந்து மெஷின் அறைக்குள் நான் போகக் கூடாது. லேபிள் அச்சடிப்பது, ஃபைல் பார்ப்பது, இவ்வளவுதான் என் வேலை. அன்றிலிருந்து என்னை யாரும் நார்மல் அக்கா என்று கூப்பிடவும் இல்லை. வெறும் அக்கா. யாரும் பேசி வைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அந்த வார்த்தையை என் முன்னால் சொல்ல எல்லோருக்கும் பயம்.

இருபதாவது வாரம் போனது. இருபத்து மூன்று போனது. இருபத்தைந்தில் அழுத்தம் கொஞ்சம் ஏறியது. மாத்திரையைக் கூட்டினார்கள். என் கணவர் வீட்டில் ஒரு ரத்த அழுத்தமானி வாங்கி வைத்து, காலையும் மாலையும் என் கையில் பட்டியைச் சுற்றினார். லிஃப்ட் கேபிளைச் சோதிக்கிற முகத்தோடு முள்ளையே பார்ப்பார். எண்ணைக் காலண்டரில் குறிப்பார்.

இருபத்தாறாவது வாரம், திங்கட்கிழமை ரத்தம் கொடுத்தேன். வியாழக்கிழமை அதைப் பிளேட்டில் போடுகிற நாள். காலையிலிருந்து எனக்குக் கை கால் ஓடவில்லை. லேபிள் அச்சடித்தால் எண் தப்பியது. கிழித்துவிட்டு மறுபடி அச்சடித்தேன். மெஷின் அறைக் கதவு மூடியிருந்தது. கண்ணாடி வழியாக வாயாடியின் முதுகு தெரிந்தது. மேடம் உள்ளே போனார். இருவரும் திரையைப் பார்த்து நின்றார்கள். மேடம் ஏதோ சொன்னார், வாயாடி தலையாட்டினாள். மேடம் வெளியே வந்து, என்னைப் பார்க்காமல், தன் அறைக்குப் போய்விட்டார். பார்க்கக் கூடாது, அதுதான் விதி. ஆனால் எனக்கு அந்த நிமிடம் உயிரே இல்லை. ஆறு வருடமாக எத்தனை பெண்களை இந்த வராந்தாவில் இப்படி உட்கார வைத்திருக்கிறேன்! அவர்கள் முகத்தைப் பார்க்காமல் எத்தனை முறை இதே மாதிரி நடந்து போயிருக்கிறேன்!

சாப்பாட்டு நேரம் ஆனது. வாயாடி கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு வெளியே வந்தாள். என் மேஜையைத் தாண்டிப் போய், அலமாரியிலிருந்து தன் டப்பாவை எடுத்தாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றாள்.

"நார்மல் அக்கா," என்றாள். "சாப்பிட வரீங்களா?"

பதினைந்து வாரமாக யாரும் சொல்லாத பெயர். அவள் வேறு எதுவும் சொல்லவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டப்பாவின் மூடியை மட்டும் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

விதிமீறல்தான். எழுத்தில் புகார் கொடுக்க வேண்டிய குற்றம். அந்தப் படிவம் எந்த இழுப்பறையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

"வரேண்டி," என்றேன். "கையைக் கழுவிட்டு வரேன்."

கழுவுமிடத்துக்குப் போய்க் குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, அந்தத் தண்ணீர்ச் சத்தத்தில் வாய்விட்டு அழுதேன்.