ஐந்தாவது கிளை

மில்வாக்கி நூலகக் கூரையைத் தாங்கப்போகும் எஃகு மரத்தின் வடிவத்தை, மாலை நாலு மணிக்குள் நார்பர்ட் ஸீல்கே வார்ப்படசாலைக்கு அனுப்பியாக வேண்டும். ஒரு நிமிடம் பிந்தினாலும் நூலகக் குழு நேர்க்கம்பங்களை நட்டு வேலையை முடித்துவிடும். மரத்தைக் கனவு கண்ட கூட்டாளி பெர்னடின் மார்ச்சில் போய்ச்சேர்ந்துவிட்டாள். அவள் மரமும் அவளோடு போய்விடும்.

அவள் விட்டுச்சென்றது வெறும் கோடுகள்தான். அவளுடைய கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து, ஒவ்வொரு கோட்டுக்கும் நார்பர்ட் ஒரு வெட்டுமுகம் கொடுத்தான்: அடியில் அறுகோணம், மேலே போகப்போக முட்டை வடிவம். மென்பொருள் கோடுகளைக் குழாய்களாக்கி, அவை சந்திக்கும் கணுக்களை மெழுகாய் உருக்கி இணைத்தது. அந்த வழவழப்பில் ஈ உட்கார்ந்தால் இடுப்பொடிந்துபோகும்.

ஒரே தொல்லை. மூன்றாம் கணுவில், நாலு கிளைகளுக்கு நடுவே, ஐந்தாவதாக விரல்போல் ஒன்று துருத்தி நின்றது. படத்தை எந்தப் பக்கம் சுழற்றினாலும் அது அவனையே சுட்டியது. செதுக்கி எறிந்தான். கோடுகளைச் சற்று அசைத்ததும் மறுபடி முளைத்தது. எழுநூறு முறை செதுக்கினானாம். எழுநூற்றொரு முறை முளைத்ததாம்.

"யப்பா நார்பர்ட், குழாயைச் சீவி என்ன ஆகப்போவுது? கோட்டுலதானே இருக்கு வில்லங்கம்!" என்றாள் பக்கத்து மேசை டார்லா.

"முப்பது வருஷமா இதுதான் என் பொழப்பு. எனக்கே பாடமா?"

"முப்பது வருஷமும் இப்படித்தான் சீவினியா?"

முணுமுணுத்தபடி, வரைபடத்தில் பெர்னடின் மறைத்து வைத்திருந்த கோட்டடுக்கு ஒன்றைத் திறந்தான். கணுவில் மயிரிழை நீளத்துக்கு ஒரு கோடு. கோப்பின் குறிப்பு சொன்னது: கடைசியாகச் சேமித்தவர் பெர்னடின், இன்று காலை பத்தேகால்.

டார்லா சிரித்தாள். "அவ கம்ப்யூட்டர்ல உக்காந்தா அவ பேருதான் வரும், மண்டு!"

"பத்தேகாலுக்கு நான் உன்கூட கீழ சீஸ் தின்னுக்கிட்டிருந்தேன், டார்லா."

சிரிப்பு பாதியில் நின்றது. "தானா சேமிச்சிருக்கும்," என்றாள், குரல் உள்ளே போய்.

மணி மூன்று ஐம்பது. கோட்டை அழித்தான். விரல் போயிற்று; கூடவே கணுவும் கிழிந்தது. நாலு குழாய்களும் வாயைப் பிளந்துகொண்டு தனித்தனியே நின்றன. பிளந்த வடிவத்தை வார்ப்படசாலை தொடாது. வெட்டுமுகங்களைத் திருப்பினான், கணுவைப் பெரிதாக்கினான். வாய்கள் மூடவில்லை.

"திருப்பிப் போட்டுரு," என்றாள் டார்லா. "காரணமில்லாம அவ ஒரு கோடு போட்டிருக்காளா?"

போட்டான். பால் ஆடை படிவதுபோலக் கணு மூடிக்கொண்டது. விரல் பழைய இடத்தில் நின்றது.

மூன்று ஐம்பத்தெட்டுக்கு, 'கிளைகள் நான்கு' என்று வடிவத்தோடு போகும் கடிதத்தில் இருந்ததை அடித்து 'ஐந்து' என்று திருத்தி அனுப்பினான்.