அலமாரி மேலே நிலா

மருத்துவமனைத் துணிகளை வெளுத்துத் தேய்க்கும் கூடத்தில் அவளுக்குக் 'காதடைச்ச அக்கா' என்று பெயர். காலையில் இயர்போனை மாட்டினால் சாப்பாட்டு வேளைக்குத்தான் கழற்றுவாள். சூடான உருளைகளுக்கு நடுவிலிருந்து வெள்ளை விரிப்புகள் ஆவியோடு மிதந்து வரும். பாட்டு தொடங்கிவிட்டால் அவை படகுப் பாய்களாகிவிடும், தரை லேசாக ஆடும். ஒரு பெண் குரலும் ஒரு புல்லாங்குழலும் மட்டுமே உள்ள பழைய படகுப் பாட்டு அது. அது முடியும்வரை, கணவன் வேறொருத்தியோடு போய்விட்டான் என்பது யார் வீட்டிலோ நடந்த சமாச்சாரம்.

வீட்டில்தான் கஷ்டம். கணவனின் தங்கை அவர்களோடு இருந்தாள். அவன் போன பிறகும் இருந்தாள். கண் டாக்டரிடம் டோக்கன் கொடுக்கிற வேலை. பால், கேஸ், சாவி, இவற்றைத் தவிர இருவரும் எதுவும் பேசிக்கொள்வதில்லை. வாயைத் திறந்தால் அவன் பேச்சு வந்துவிடுமோ என்று இருவருக்குமே பயம். வேலை முடிந்து வந்ததும் அண்ணிக்காரி கதவைச் சாத்திக்கொண்டு, செல்போனில் அந்தப் பாட்டையே திரும்பத் திரும்பப் போடுவாள். கட்டில் மெல்ல நகர்ந்து, ஜன்னலைத் தாண்டி, வெயில் தணிந்த ஏதோ ஒரு தண்ணீரில் போய் நிற்கும்.

ஒருநாள் செல்போன் துணி ஊறும் தொட்டியில் விழுந்து உயிரை விட்டது. அன்று சாயங்காலம் கட்டில் இடத்தைவிட்டு அசையவில்லை. தள்ளிவைத்த நினைப்பெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றது. அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கம் அதே பாட்டு கேட்டது. சுருதி ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம்.

போய்ப் பார்த்தாள். நாத்தனார் துணி மடித்துக்கொண்டே பாடிக்கொண்டிருந்தாள். 'அலையின் மேலே நிலா' என்று வரவேண்டிய இடத்தில் 'அலமாரி மேலே நிலா' என்றாள்.

அண்ணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவள் சிரித்து எத்தனையோ மாதமாகியிருந்தது.

நாத்தனாருக்கு வெட்கமாகப் போயிற்று. சுவர் வழியாகக் கேட்டுக் கேட்டுப் பழகியதாம். சுவர் விழுங்கிய வார்த்தைகளுக்குப் பதிலாகக் கைக்குக் கிடைத்ததைப் போட்டுக்கொண்டாளாம். அதைக் கேட்பதற்காகவே தினமும் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வருவாளாம்.

"அது ஓடுற வரைக்கும் எதையும் யோசிக்காம இருக்கலாம்ல அண்ணி."

அண்ணி துணிகளை ஒதுக்கிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தனக்குத்தானே கூட சொல்லிக்கொள்ளாததை வாய்விட்டுச் சொன்னாள்.

"உங்கண்ணன் இனிமே வரமாட்டாரு."

"தெரியும்." நாத்தனார் ஒரு தலையணை உறையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "நான் எங்க போறதுன்னுதான் தெரியல."

"உன்னை யாரு போகச் சொன்னா? உன் அறை உன் அறைதான்."

நாத்தனார் அழுது ஓயும்வரை அண்ணி அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு அவனைப் பற்றிப் பேச்சு தொடங்கியது. போகிற அன்று அவன் என்ன சட்டை போட்டிருந்தான், செருப்பை எத்தனை நேரம் துடைத்தான் என்று ஆளுக்கொன்றாக எடுத்துச் சொன்னார்கள். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. விளக்குப் போட இருவருக்கும் தோன்றவில்லை. முகங்கள் மறைந்து, அறையில் இரண்டு குரல்கள் மட்டும் இருந்தன. அவை தாழ்ந்தும் உயர்ந்தும் வெகுநேரம் போய்க்கொண்டிருந்தன.