பொம்மை பேசின அரபி

சகாதேவன் குவைத்தில் பத்தொன்பது வருஷம் சிமெண்டு கலவை போட்டவர். படிப்பு மூணாங்கிளாஸ். ஆனாலும் வேங்கிக்காலில் அவர் தெருவுக்கு அரபியில் போன் வந்தால், வாங்கிப் பேச அவரை விட்டால் ஆள் கிடையாது.

எதிர்வீட்டுத் தங்கம்மாளின் மகன் மணி சவுதியில் ஒரு பேரீச்சந்தோப்பில் மோட்டார் போடுகிறான். தோப்பில் டவர் கிடைக்காது. மாதம் ஒருமுறை முதலாளிதான் டவுனுக்கு வந்து போன் போட்டுச் சேதி சொல்வார். சகாதேவன் பேசி முடிக்கிற வரைக்கும் தங்கம்மாள் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அந்த மரியாதை அவருக்குச் சோறு மாதிரி.

இந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் அரபி பேசக் கற்றுக்கொடுக்க பொம்மை வீடியோ போட ஆரம்பித்தார்கள். ரெட்டை ஜடை போட்ட பொம்மைப் பெண் கடைக்குப் போகிறாள், விலை கேட்கிறாள், பூனையைத் திட்டுகிறாள், எல்லாம் அரபியில். மூன்றாவது வீட்டு அபிநயா, ஒன்பதாவது படிக்கிறவள், அதைப் பார்த்தே மளமளவென்று பேசுகிறாள். தெருவே அவளை மெச்சியது. சகாதேவனுக்கு வயிறு எரிந்தது. அந்தப் பொம்மை ஒருநாளாவது வெயிலில் நின்றிருக்குமா என்று கண்டவரிடமெல்லாம் கேட்டார்.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம் தங்கம்மாள் அடிக்கிற போனோடு வெளியே வந்தாள். அவர் வாசலைத் தாண்டி நேராக அபிநயா வீட்டுக்குப் போனாள்.

சகாதேவன் செருப்புகூடப் போடாமல் பின்னாலேயே போனார். பொறாமை பாதி, பயம் பாதி. போன மாதம் முதலாளி கடகடவென்று பேசியதில் லீவு என்ற ஒரு வார்த்தைதான் அவருக்குப் பிடிபட்டது. புரியவில்லை என்று சொல்ல வாய் வராமல், மணி கார்த்திகை தீபத்துக்கு வருகிறான் என்று அடித்துவிட்டிருந்தார்.

அபிநயா எடுத்ததும் முதலாளியின் உடம்பை விசாரித்தாள், பிள்ளைகளை விசாரித்தாள். அந்தப் பக்கம் ஆள் சிரிப்பது கேட்டது. பத்தொன்பது வருஷத்தில் ஒரு அரபிக்காரனும் சகாதேவனிடம் சிரித்துப் பேசியதில்லை. பிறகு அவள் பேச்சு நின்றது. அவரை ஒருமுறை பார்த்துவிட்டுத் தங்கம்மாளிடம் திரும்பினாள்.

"தீபத்துக்கு லீவு இல்லையாம் பாட்டி. ரம்ஜான் முடிஞ்சிதான் அனுப்புவாராம். போன மாசமே சொன்னாராம். டவர் சரியில்லாம தாத்தாவுக்குக் கேட்டிருக்காது."

அதைப் பிடித்துக்கொண்டு அவர் தப்பித்திருக்கலாம். ஆனால் பொம்மையிடம் படித்த பெண் போட்ட பிச்சையை வாங்க மனசு ஒப்பவில்லை.

"டவர் நல்லாத்தான் இருந்துச்சு. எனக்குத்தான் புரியல. புரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்."

தங்கம்மாள் அவர் பக்கம் திரும்பினாள்.

"புரியலன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா அண்ணா? புள்ளைக்கு சட்ட தைக்கக் குடுத்துட்டேனே."

அபிநயா போனை அவர் பக்கம் நீட்டினாள். "முன்ன பேசின பெரியவர் எப்படி இருக்காருன்னு உங்களைப் பத்தித்தான் கேக்கறாரு தாத்தா."

சகாதேவன் கையை நீட்டவில்லை.

"இன்னா சொல்லட்டும்?"

"உன் பொம்மை இன்னா சொல்லுமோ அதையே சொல்லு," என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.