பக்கத்து சீட்டில் ஒரு பிரேக்

பஸ்ஸின் கடைசி சீட்டிலிருந்து பின்கண்ணாடி வழியாக மனைவி கையைத் திருகிக் காட்டி ஏதோ கேட்டாள். பின்னால் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரில் தனியாக வந்துகொண்டிருந்த அவள் கணவர், கண்ணாடிக்காரர், "கேஸை அணைச்சுட்டேன்" என்று சைகையாலேயே பதில் சொன்னார். அவருடைய மூக்குக்கண்ணாடிக் கடையும் அவள் தலைமை நர்ஸாக இருக்கும் மருத்துவமனையும் ஒரே தெருவில் எதிரெதிரே இருந்தன. ஒரே வீட்டிலிருந்து ஒரே நேரத்துக்குக் கிளம்பி ஒரே தெருவுக்குப் போகிற இரண்டு பேர், ஒருவர் பஸ்ஸிலும் ஒருவர் காரிலுமாகப் போவதைப் பார்த்து முதலில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு கடைசி சீட்டுக்காரர்கள் சைகை மொழியைக் கற்றுத் தேர்ந்து, குடும்ப விவகாரங்களில் அபிப்பிராயம் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டார்கள். ஒருமுறை, தண்ணீர்க் குழாயை மூடாமல் வந்தது யார் என்ற தகராறில் மொத்த பஸ்ஸும் அவள் பக்கம் நின்றது. டிரைவர் மட்டும் நடுநிலை வகித்து ஹாரன் அடித்தார்.

எல்லாவற்றுக்கும் காரணம் பிரேக்தான். இளமையில் ஆசைப்பட்டு, தலைமுடி கொட்டிய பிறகு வாங்கிய கார் அது. தரையோடு தரையாகக் கிடக்கும், இரண்டே சீட்டு. ஓடுவதில் அதற்கு ஒரு தயக்கமும் கிடையாது. நிற்பதில்தான் கொஞ்சம் பிகு. பிரேக்கை மிதித்தால், மனுவை வாங்கி வைத்துக்கொண்ட ஆபீஸ் மாதிரி சற்று யோசித்துவிட்டுத்தான் ஆவன செய்யும். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து தானும் வலது காலால் தரையை மிதித்து மிதித்து, அவள் பக்கத்து மிதியடியில் ஒரு பாதம் அளவுக்குப் பள்ளமே விழுந்துவிட்டது.

ஒருநாள் சரிவில் இறங்கும்போது அவள் "நிறுத்துங்க" என்றாள். அவரும் மிதித்தார். கார் அவர்கள் வீட்டைத் தாண்டி, பக்கத்து வீட்டைத் தாண்டி, தெருமுனை சலூனுக்குள் மரியாதையாக மூக்கை நீட்டி நின்றது. யாருக்கும் அடி இல்லை. நாற்காலியில் இருந்தவர் மட்டும் பாதி மீசையோடு எழுந்து ஓடினார். மீதியை எடுக்க அவர் இன்னும் வரவில்லை என்று சலூன்காரர் இன்றைக்கும் சொல்வார். நர்ஸம்மா இறங்கி, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "இது நிக்கிற வண்டின்னு எனக்குத் தெரியிற வரைக்கும் இதுல உக்கார மாட்டேன்" என்று சொல்லிவிட்டு மேட்டில் ஏறி நடந்தாள். அதற்குப் பிறகு இரண்டு மழைக்காலம் வந்து போய்விட்டது.

நாள் முழுக்க "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா" என்று ஊராரிடம் கேட்டுக்கொண்டிருக்கும் மனிதருக்கு, மனசுவிட்டுப் பேசக் கிடைத்ததே இருவரும் ஒன்றாகப் போன அந்தக் காலைப் பயணம்தான். வீட்டில் அவளுக்குப் பாதி நாள் இரவு வேலை, மீதி நாள் தூக்கம். சைகையில் கேஸ், குழாய், சாவி எல்லாம் சொல்லலாம். "ராத்திரி தூக்கத்துல சிரிச்சியே, அப்படி என்ன கனவு?" என்று ஒரு காலையில் சைகையில் கேட்கப் போய், கன்னத்தில் கைவைத்துக் கண்ணை மூடிப் பல்லைக் காட்டிய அவரைப் பார்த்து, பல்வலி என்று பஸ்ஸே சேர்ந்து முடிவு கட்டியது. சாயங்காலம் அவள் அக்கறையாக மாத்திரை வாங்கி வந்தாள். அவரும் விழுங்கினார். விழுங்கிய கையோடு மச்சானுக்கு போன் போட்டார்.

மச்சான் என்றால் அவள் தம்பி. பழைய கார்களைப் பிரித்து விற்பது அவன் தொழில்.

"மாமா, உங்க வண்டியில இருக்கிற பிரேக் சைக்கிளுக்கே பத்தாது. இதே கம்பெனியோட பெரிய குடும்பக் கார் ஒண்ணு கடைக்கு வந்திருக்கு. கல்யாண வீட்டையே ஏத்தினாலும் நிக்கும். அந்த பிரேக்கைக் கழட்டி இதுல போட்டுருவோம்."

"வேற மாடலாச்சேப்பா. பொருந்துமா?"

"நீங்களும் எங்க அக்காவும் ஒரே மாடலா? ஓடலையா?"

மறுநாள் அவர் கடைக்கு விடுமுறை. காலையிலேயே சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் டிஸ்க் வந்தது, அதைக் கவ்விப் பிடிக்க ஒவ்வொன்றும் ஒரு குழந்தை கனத்தில் காலிப்பர்கள் வந்தன. மாட்டிப் பார்த்தால் பழைய சக்கரம் அதன்மேல் ஏற மறுத்தது. இன்னொரு மாடலிலிருந்து பெரிய சக்கரங்களை உருட்டி வந்தான் மச்சான். "உங்க வண்டிக்கு சொந்தபந்தம் பெருகிடுச்சு மாமா" என்றான். கழற்றும்போதே காலிப்பர்களில் வெள்ளை பெயின்டால் "இடது", "வலது" என்று எழுதி வைத்திருந்தான். எழுதியபடியே பயபக்தியோடு மாட்டினார்கள். பிறகு பிரேக் ஆயில் போகும் குழாய்க்குள் மாட்டிக்கொண்ட காற்றை எடுக்க ஒருவர் பெடலை மிதிக்க, ஒருவர் காலிப்பரின் சின்னத் திருகைத் திறந்து மூட, மதியம் வரைக்கும் போராடினார்கள். பெடல் பஞ்சு மூட்டை மாதிரியே இருந்தது. "கால் செத்துப்போச்சு மாமா, சாப்பிட்டுட்டு வரேன்" என்று மச்சான் நழுவினான்.

வேலை முடிந்து சீருடையோடு வந்த மனைவி ஷெட் வாசலில் நின்றாள். கார் நான்கு ஸ்டாண்டுகள்மேல் சக்கரமில்லாமல் நின்றது. அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

"உயிரோடதான் இருக்கீங்களா?"

"இருக்கேன். உள்ள உக்காந்து பிரேக்கை மிதிக்க ஒரு ஆள் வேணும்."

"நான்தான் உக்கார மாட்டேன்னு சொல்லியிருக்கேனே."

"சக்கரமே இல்ல பாரு. சக்கரம் இல்லாதது வண்டியில்ல. நாற்காலி."

அவள் யோசித்தாள். நியாயமாகத்தான் பட்டது. டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள்.

"மிதி."

"மிதிச்சுட்டேன்."

"அப்படியே பிடி... விடு. இப்ப?"

"வார்டுல இருக்கிற தலகாணி மாதிரி இருக்கு. காத்து வருதா?"

"வெறும் ஆயில்தான் வருது. காத்து எங்க போச்சுன்னே தெரியல."

அவள் இறங்கி வந்து, சீருடை அழுக்காகாமல் குனிந்து பார்த்தாள். "காத்து எது வழியா வரணும்?"

"இதோ, இந்தத் திருகு வழியா."

"அது அடியில இருக்கு. காத்து மேல இருக்கும். ஊசியைத் தலைகீழாப் பிடிச்சு காத்து எடுக்கிற நர்ஸை நான் ஒரு நாள் கூட வார்டுல வெச்சுக்க மாட்டேன்."

கண்ணாடிக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். திருகு அடியிலேயேதான் இருந்தது. அந்தப் பெரிய காரில் காலிப்பர் அச்சுக்குப் பின்னால் உட்காரும், இதில் முன்னால். இடதை இடதிலேயே மாட்டினால் தலைகீழாகத்தான் நிற்கும். இடதை வலதிலும் வலதை இடதிலும் மாட்டியிருக்க வேண்டும். திரும்பி வந்த மச்சான் தலையில் கைவைத்துக்கொண்டான்.

"இடதுன்னு கொட்டை எழுத்துல எழுதியிருந்தேனே மாமா!"

"எழுதினது சரிதான்டா. வண்டிக்குப் படிக்கத் தெரியல."

மாற்றி மாட்டினார்கள். அவள் மறுபடி ஏறி மிதித்தாள். குழாயில் கோலி மாதிரி குமிழிகள் வந்துகொண்டே இருந்தன. உள்ளே அவ்வளவு காற்று இருந்திருந்தால் கார் பறந்திருக்க வேண்டும் என்று மச்சான் பிற்பாடு சத்தியம் செய்தான். நின்றதும் திருகை இறுக்கினார்கள். அவள் மிதித்தாள். முகம் மாறியது. யாரும் சொல்லாமலே இன்னொரு தரம் மிதித்தாள்.

"கல்லு மாதிரி இருக்குங்க."

சக்கரங்கள் ஏறி, கார் தரையிறங்கியது. கண்ணாடிக்காரர் ஓடிப்போய்ப் பக்கத்து சீட்டின் கதவைத் திறந்து, சட்டைக் கையாலேயே தூசி தட்டி, "வா" என்றார். அவள் டிரைவர் சீட்டைவிட்டு அசையவில்லை.

"நீங்க ஏறுங்க."

"நானா?"

"பிரேக்கை என் கால் பாத்தாச்சு. உங்க காலை இன்னும் பாக்கல."

"லைசென்ஸ் இருக்கா உனக்கு?"

"உங்களுக்கு முன்னாடி வாங்கினது. சாவி."

மேட்டின் உச்சியில் சிவப்பு மூக்கு தெரிந்ததுமே சலூன்காரர், முகம் முழுக்க நுரையோடிருந்தவரை நாற்காலியோடு சேர்த்து உள்ளறைக்குத் தள்ளிக்கொண்டு போனார். கார் சரிவில் இறங்கத் தொடங்கியது. அவள் அவசரப்படவில்லை. ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவர் பக்கம் திரும்பினாள்.

"ஆமா, நேத்து சைகையில என்னமோ கேட்டீங்களே. பல்வலி இல்லதானே? என்ன அது?"

அவர் வலது கால் தானாக நகர்ந்து மிதியடியில் எதையோ தேடியது. பள்ளம் கிடைத்தது. அளவெடுத்துச் செய்ததுபோல் பாதம் அதில் போய் உட்கார்ந்துகொள்ள, அவர் பலம்கொண்ட மட்டும் மிதிக்கத் தொடங்கினார்.